அழுத்தினால் பிடிக்கிறது, விட்டால் விடவில்லை: ஒரு முன் டிஸ்க் பிரேக்கைச் சரிசெய்த அனுபவம்

முன் சக்கரம் இறுகுவதை வண்டி ஓட்டும்போது நான் உணரவில்லை. வீட்டு வாசலில் பின்னால் தள்ளும்போதுதான் தெரிந்தது. காலையில் லேசாக நகர்ந்த வண்டி, சாயங்காலம் வந்து நிறுத்தும்போது யாரோ முன்னால் பிடித்துக்கொண்டிருப்பதுபோலக் கனத்தது. டயரில் காற்று குறைவு என்று நினைத்து இரண்டு முறை காற்றடித்தேன். மூன்றாவது வாரம் துரைப்பாக்கம் சிக்னலில் நிற்கும்போது கருகல் வாடை அடித்தது. ஓரங்கட்டிக் குனிந்து பார்த்தால் டிஸ்க்கின் விளிம்பு நீலம் பாய்ந்திருந்தது. பாட்டிலிலிருந்து நாலு சொட்டுத் தண்ணீர் தெளித்தேன். தோசைக்கல்லில் விழுந்த மாதிரி சொய்யென்று மறைந்தது.

வண்டி 150 சிசி, 2013-இல் வாங்கியது, 71,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) கிடையாது, 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளில் புது மாடல்களுக்கு அது 2018 ஏப்ரலிலும் மற்றவற்றுக்கு 2019 ஏப்ரலிலும்தான் கட்டாயமானது. இதைச் சொல்லக் காரணம் உண்டு. ஏபிஎஸ் உள்ள சில வண்டிகளில் பிரேக் திரவத்தில் புகுந்த காற்றை எடுக்க சர்வீஸ் சென்டர் கம்ப்யூட்டரே தேவைப்படும். நான் கீழே எழுதுவது ஏபிஎஸ் இல்லாத சாதாரண டிஸ்க் பிரேக்குக்கு.

முதலில் வழக்கமாகப் போகும் ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். டிஸ்க்கைப் பிடிக்கும் பேட்களை மாற்றினார்கள். நான்கு நாளில் அதே கனம், அதே வாடை. திரும்பப் போனபோது, "காலிப்பர் போச்சு சார், புதுசு போட்டுடலாம்" என்றார்கள். எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். சக்கரத்தைக் கையால் ஒரு சுற்று சுற்றிக் காட்டினார்கள், அவ்வளவுதான். காலிப்பர் என்பது பேட்களை டிஸ்க்கின் மேல் அழுத்தும் பகுதி, சும்மா வருகிற பொருள் இல்லை. காசைவிட என்னை உறுத்தியது வேறு. முன் பிரேக் என்பது என் மகளைப் பின்னால் உட்கார வைத்து ஓட்டும்போது நான் நம்பியிருக்கும் பொருள். எது கெட்டது என்று தெரியாமல் எதையோ மாற்றிவிட்டு அதை நம்பி ஓட்ட எனக்கு மனம் வரவில்லை. வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

பிரிப்பதற்கு முன்னால் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டியிருந்தது: லீவரை விட்டதும் பேட் எப்படிப் பின்வாங்குகிறது? டிரம் பிரேக்கில் இருப்பதுபோல இழுத்துக்கொள்ளும் ஸ்பிரிங் எதுவும் காலிப்பரில் இல்லை. பேட்டைத் தள்ளும் பிஸ்டனைச் சுற்றி சதுர வெட்டு ரப்பர் சீல் ஒன்று இருக்கிறது. பிஸ்டன் வெளியே வரும்போது அந்த சீல் கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும். அழுத்தம் போனதும் பழைய நிலைக்குத் திரும்பி பிஸ்டனையும் கூடவே இழுத்துக்கொள்ளும். ஒரு மில்லிமீட்டரில் சின்ன பங்குதான் அந்த இழுப்பு. ஆனால் அது நடக்க வேண்டுமென்றால் திரவம் மேலே திரும்பிப் போக வழி இருக்க வேண்டும். லீவரை அழுத்தும்போது திரவத்தைக் கீழே தள்ளுவது ஹேண்டில்பாரில் இருக்கும் மாஸ்டர் சிலிண்டர். அந்த வழி, அதன் திரவக் கிண்ணத்தின் அடியில், ஊசி முனை அளவிலான ஒரு துளை. பக்கத்தில் இன்னொரு பெரிய துளையும் இருக்கும். அது திரவம் உள்ளே வர. சின்னது, மிச்ச அழுத்தம் வெளியே போக.

அந்தச் சின்னத் துளை அடைபட்டால் ஆட்டம் விசித்திரமாகிவிடும். காலையில் எல்லாம் சரியாக இருக்கும். ஐந்தாறு முறை பிரேக் பிடித்ததும் திரவம் சூடாகி விரியும். விரிந்த திரவத்துக்குப் போக இடமில்லாததால் அது பிஸ்டனைத் தள்ளும். பேட் உரசும், இன்னும் சூடாகும், இன்னும் விரியும். பிறகு வண்டியை நிறுத்தி ஒரு மணி நேரம் ஆறவிட்டால் தானாகவே விட்டுவிடும். என் வண்டிக்கு இதே லட்சணம்தான். துருப்பிடித்து இறுகிய பிஸ்டனாக இருந்தால் காலையிலும் இறுகித்தான் இருக்கும். இந்த ஒரு வித்தியாசமே காலிப்பர் மீதான சந்தேகத்தைப் பாதியாகக் குறைத்தது.

சோதனை சுலபம். ஆறு கிலோமீட்டர் ஓட்டி, வேண்டுமென்றே அடிக்கடி முன் பிரேக் பிடித்து, நன்றாகச் சூடேறி இறுகியதும் வீட்டுக்கு வந்து சென்டர் ஸ்டாண்ட் போட்டேன். எஞ்சினுக்கு அடியில் கட்டையைக் கொடுத்து முன் சக்கரத்தைத் தூக்கினேன். சக்கரம் அசையவில்லை. காலிப்பரில் காற்றெடுப்பதற்காக இருக்கும் நிப்பிளில் ஒரு டியூபைச் செருகி, மறுமுனையைப் பாட்டிலில் விட்டு, 8-ம் நம்பர் ரிங் ஸ்பேனரால் கால் சுற்று திறந்தேன். பீச்சென்று திரவம் அடித்தது, சக்கரம் விட்டது. ஆக, பிஸ்டனோ, காலிப்பர் பக்கவாட்டில் நகர்வதற்கான ஸ்லைடு பின்களோ இறுகவில்லை. அழுத்தம்தான் உள்ளே சிறைப்பட்டிருக்கிறது.

அடுத்த கேள்வி, எங்கே சிறைப்பட்டிருக்கிறது? ரப்பர் ஹோஸ் பழசானால் உள் சுவர் உப்பி, ஒரு பக்கம் மட்டும் திறக்கும் கதவுபோல வேலை செய்யும். லீவரின் பலத்தில் திரவம் கீழே போகும், திரும்பி வராது. இதைப் பிரித்தறிய, நிப்பிளை மூடிவிட்டு மறுபடி ஓட்டிச் சூடேற்றி வந்தேன். இந்த முறை நிப்பிளைத் தொடவில்லை. மேலே, மாஸ்டர் சிலிண்டரில் ஹோஸ் சேரும் போல்ட்டைத் துணி சுற்றிக் கொஞ்சமாகத் தளர்த்தினேன். சக்கரம் உடனே விட்டது. ஹோஸ் அடைபட்டிருந்தால் மேலே திறந்தாலும் கீழே அழுத்தம் நின்றிருக்கும். எனவே ஹோஸ் நிரபராதி. குற்றவாளி ஹேண்டில்பாரில் இருக்கிறது. எந்தப் பொருளும் வாங்காமல், இரண்டே ஸ்பேனரில் இவ்வளவு தூரம் வந்துவிடலாம்.

ஒரு எச்சரிக்கை. பிரேக் திரவம் பெயின்ட்டை உரித்துவிடும். டேங்க் மேல் ஈரத்துணி போர்த்தியிருந்தேன். சிந்திய இடத்தில் உடனே தண்ணீர் ஊற்றினேன். துடைத்தால் மட்டும் போதாது, கழுவ வேண்டும்.

மாஸ்டர் சிலிண்டரின் மூடியைத் திறப்பதற்கே அரை மணி நேரம் போனது. அந்த இரண்டு ஸ்டார் ஸ்க்ரூக்களும் அலுமினியத்தில் பத்து வருடம் உட்கார்ந்திருந்தவை. பொருந்தாத ஸ்க்ரூடிரைவரை வைத்துத் திருகினால் தலை வழுக்கிவிடும். சரியான அளவு டிரைவரை வைத்து அதன் பின்புறம் சுத்தியலால் நாலு தட்டு தட்டி, கீழே அழுத்திக்கொண்டே திருப்பினேன். ஒன்று வந்தது. இன்னொன்றுக்குத் தெருமுனை மெக்கானிக் அண்ணனிடம் இம்பாக்ட் டிரைவர் இரவல் வாங்கினேன்.

உள்ளே பார்த்ததும் வயிறு கலங்கியது. புதுத் திரவம் இளமஞ்சளாகத் தெளிந்திருக்கும். என்னுடையது டிகாஷன் நிறம். அடியில் கூழ்போன்ற படிவு. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியதை நான் எத்தனை வருடமாக மாற்றவில்லை என்று எண்ணிப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. பிரேக் ஆயில் என்று நாம் சொன்னாலும் அது எண்ணெய் இல்லை. டாட் 3, டாட் 4, டாட் 5.1 எல்லாம் கிளைக்கால் வகைத் திரவங்கள்; காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 4 தரத்தின்படி புதுத் திரவம் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது. 3.7 சதவீதம் ஈரம் ஏறிவிட்டால் தரம் கேட்கும் அளவே 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. கொதித்தால் ஆவி, ஆவியை அழுத்தினால் சுருங்கும், லீவர் கைப்பிடியைத் தொடும், வண்டி நிற்காது. கடற்கரைக் காற்றில் வண்டியை நிறுத்தி வைக்கும் சென்னைக்காரர்கள் இந்த விஷயத்தில் கூடுதலாகக் கவனமாக இருக்க வேண்டும். ஆயில் என்ற பெயரை நம்பி யாரும் எஞ்சின் ஆயிலை ஊற்றிவிடவும் கூடாது. பிரேக் ரப்பர்களுக்குப் பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊதிப்போய்விடும். அப்புறம் எல்லா ரப்பரையும் மாற்ற வேண்டியதுதான்.

பழைய திரவத்தை சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்துவிட்டு, கூழைத் துடைத்தேன். சின்னத் துளை கண்ணுக்கே தெரியவில்லை. பழைய கிளட்ச் கேபிளிலிருந்து ஒரு இழையைப் பிரித்து உள்ளே விட்டேன். கொஞ்சம் போனதும் மெத்தென்று எதிலோ இடித்தது. அழுக்குதான் என்று நினைத்து இன்னும் இரண்டு குத்து குத்தினேன். இந்த 'மெத்தென்று' என்ற சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

புதுத் திரவம் ஊற்றிக் காற்றெடுத்து ஓட்டினேன். சக்கரம் முன்பைவிட நன்றாகச் சுற்றியது. இரண்டு நாள் நிம்மதி. மூன்றாம் நாள் சிக்னலில் லீவரைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, லீவர் மெல்ல மெல்ல என் விரலோடு கைப்பிடியை நோக்கி இறங்கியது. வெளியே எங்கும் கசிவு இல்லை. வெளியே கசியாமல் லீவர் இறங்கினால் ஒரே அர்த்தம்தான்: மாஸ்டர் சிலிண்டருக்குள் பிஸ்டனோடு சேர்ந்து திரவத்தைத் தள்ளும் ரப்பர் கப்பைத் தாண்டித் திரவம் பின்னால் நழுவுகிறது. வண்டியை அன்றே ஓரங்கட்டினேன். இந்த அறிகுறியோடு ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டக் கூடாது.

மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனைப் பூட்டியிருக்கும் சர்க்ளிப் என்ற வளையத்தைக் கழற்றி வெளியே எடுத்துப் பார்த்தபோது எல்லாம் விளங்கியது. முன் கப்பின் உதட்டில் இரண்டு சின்னக் கீறல்கள். என் கேபிள் இழை குத்திய தடம். மெத்தென்று இடித்தது அழுக்கு இல்லை, கப். துளையைச் சுத்தம் செய்ய வேண்டுமானால் முதலில் பிஸ்டனை வெளியே எடுத்துவிடுங்கள்.

இனி கிட், அதாவது மாஸ்டர் சிலிண்டருக்குள் போகும் பாகங்கள் அடங்கிய பாக்கெட், வாங்க வேண்டும். இருசக்கர வண்டி உதிரிபாகத்துக்கு அண்ணா சாலையை ஒட்டிய ஜெனரல் பீட்டர்ஸ் சாலை. முதல் கடையில் மாடல் பெயரைச் சொன்னதும் ஒரு பாக்கெட்டை நீட்டினார்கள். வீட்டில் வந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கப் கொஞ்சம் சின்னது. என் மாஸ்டர் சிலிண்டரின் வயிற்றில் 1/2 என்று வார்த்திருக்கிறது. அதாவது அரை அங்குலம், 12.7 மி.மீ. அவர்கள் கொடுத்தது 11 மி.மீ. சிலிண்டருக்கான கிட். ஒரே பெயரில் வருடத்துக்கு வருடம் உள்ளே பொருள் மாறிவிடுகிறது. கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

முழு மாஸ்டர் சிலிண்டரையே வாங்கும்போதும் இந்த அளவைத்தான் முதலில் பார்க்க வேண்டும். 12.7-ஐ 11-ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் 1.33 வரும். 12.7 இருக்க வேண்டிய இடத்தில் 11 போட்டால், அதே கை பலத்துக்கு மூன்றில் ஒரு பங்கு கூடுதல் அழுத்தம் கிடைக்கும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் லீவரும் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக நகர வேண்டும். பேட் தேயும்போது லீவர் கைப்பிடியைத் தொட்டுவிடலாம். 11 இருக்க வேண்டிய இடத்தில் 12.7 போட்டால் கட்டையை அழுத்துவதுபோல இருக்கும்.

மறுநாள் பழைய பிஸ்டன், கப், ஸ்பிரிங் எல்லாவற்றையும் டப்பாவில் போட்டுக்கொண்டு போனேன். இன்னொரு கடையில் இருந்த பெரியவர் டப்பாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார்.

"பழைய பீஸைக் கையில கொண்டு வந்தீங்க பாருங்க, அதான் சரி. பாடி எங்க?"

"வண்டியிலயே இருக்குண்ணே."

"உள்ளே விரல் விட்டுப் பாத்தீங்களா? சொரசொரப்பா இருந்தா கிட்டு போட்டு ஒண்ணும் ஆகாது. பத்து நாள்ல புதுக் கப்பையும் தின்னுடும்."

அங்கிருந்தே திரும்பினேன். வீட்டில் டார்ச் அடித்துப் பார்த்தேன். சிலிண்டர் சுவரின் அடிப்பக்கத்தில், ஈரம் தேங்கும் இடத்தில், வெள்ளைப் பொடியும் சின்னச் சின்னக் குழிகளும். நகத்தால் தடவினால் தட்டியது. எமரி தேய்த்துச் சமாளிப்பவர்கள் இருக்கிறார்கள். தேய்த்தால் அளவு கூடும், குழி போகாது. நான் செய்யமாட்டேன். முழு அசெம்பிளி வாங்குவது என்று முடிவு செய்தேன். கிட்டைவிடப் பல மடங்கு விலைதான், ஆனாலும் சரி.

அதே பெரியவரிடம் வாங்கினேன். பாக்கெட்டில் பார்ட் நம்பர், தயாரித்த மாதம், எம்ஆர்பி மூன்றும் தெளிவாக அச்சாகியிருந்தன. கம்பெனியின் உதிரிபாகப் பட்டியலில் என் வண்டி வருடத்துக்கான பார்ட் நம்பரோடு ஒத்துப் பார்த்தேன். பொருளின் வயிற்றிலும் 1/2 இருந்தது. கூடவே நான்கு காப்பர் வாஷர், 100 மில்லி டாட் 4 பாட்டில்கள் இரண்டு. பெரிய பாட்டில் வாங்கி மிச்சத்தை அலமாரியில் வைக்கக் கூடாது. திறந்த பாட்டில் ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். டாட் 4 என்பதும் என் விருப்பம் இல்லை, மூடியிலேயே எழுதியிருக்கிறது. டாட் 5 என்பது சிலிக்கான், இதோடு கலக்காது, 5.1-க்கும் 5-க்கும் பெயரில்தான் ஒற்றுமை.

பொருத்தினேன். ஹோஸ் போல்ட்டுக்கு இரு பக்கமும் புது வாஷர். பழைய வாஷர் ஏற்கெனவே நசுங்கியது, மறுபடி உட்காராது. பிறகு காற்றெடுக்கும் படலம். மருந்துக் கடையில் 50 மில்லி சிரிஞ்சும் குளுக்கோஸ் ஏற்றும் டியூபும் வாங்கியிருந்தேன். லீவரை மாட்டுவதற்கு முன்பே, சிரிஞ்சில் புதுத் திரவத்தை நிரப்பி, டியூபில் குமிழி இல்லாமல் பார்த்து, காலிப்பர் நிப்பிளில் மாட்டிக் கீழிருந்து மேலே மெதுவாகத் தள்ளினேன். குமிழிக்கு இயல்பிலேயே மேலே போகத்தான் ஆசை. அதன் வழியிலேயே அனுப்பினால் வேலை பாதியாகிவிடும். மேலே கிண்ணம் நிரம்பி வழியாமல் அவ்வப்போது உறிஞ்சி எடுக்க வேண்டும்.

லீவரை மாட்டிவிட்டு, கடைசிச் சுற்றுக்கு மகளைக் கூப்பிட்டேன். "அழுத்து. பிடிச்சுக்கோ." நிப்பிளைத் திறந்து மூடுவேன். "இப்ப விடு." நிப்பிளை மூடுவதற்கு முன்னால் லீவரை விட்டால் காற்று திரும்ப உள்ளே போய்விடும் என்று ஒருமுறைதான் சொன்னேன். "மூடிட்டீங்களாப்பா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்டுவிட்டுத்தான் விட்டாள். அப்படியும் லீவர் கொஞ்சம் பஞ்சு மாதிரி இருந்தது. ஹேண்டிலைத் திருப்பி மாஸ்டர் சிலிண்டர் உச்சத்தில் இருக்கும்படி சைடு ஸ்டாண்டில் நிறுத்தி, லீவரை சைக்கிள் டியூப் துண்டால் கைப்பிடியோடு இறுக்கிக் கட்டி ராத்திரி முழுக்க விட்டேன். காலையில் அவிழ்த்து மெல்ல நாலைந்து முறை அழுத்தியதும் கல் மாதிரி நின்றது.

வாசலிலேயே சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தேன். சுற்றவில்லை. புது மாஸ்டர் சிலிண்டர், புதுத் திரவம், முன்பைவிட மோசமான இறுக்கம். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து மூடியைத் திறந்து வைத்து, லீவரை மயிரிழை அளவுக்கு மட்டும் அழுத்தி அழுத்திப் பார்த்தேன். சரியாக இருக்கும் மாஸ்டர் சிலிண்டரில் லீவரின் முதல் அசைவிலேயே அந்தச் சின்னத் துளையிலிருந்து திரவம் குட்டி ஊற்றுபோல எழும்பும். துளை திறந்திருக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. கண்ணில் தெறிக்கும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ள வேண்டும். ஊற்று வரவில்லை. புதுப் பொருளில் அழுக்கு இருக்க வாய்ப்பில்லை. அப்படியானால் துளை அடைபடவில்லை, மூடப்பட்டிருக்கிறது. கப் ஓய்வு நிலைக்கு முழுதாகத் திரும்பாமல் துளையின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. அதைத் திரும்பவிடாமல் தள்ளுவது எது?

லீவர் போல்ட்டைக் கழற்றி லீவரை எடுத்தேன். டக்கென்று பிஸ்டன் கொஞ்சம் வெளியே வந்தது. சக்கரம் சுற்றியது.

எட்டு மாதத்துக்கு முன் மழையில் வண்டி சாய்ந்து லீவர் வளைந்துவிட்டது. கைக்குக் கிடைத்த லோக்கல் லீவர் ஒன்றைப் போட்டிருந்தேன். வளைந்த ஒரிஜினலைத் தூக்கிப் போடாமல் பரண் டப்பாவில் வைத்திருந்தேன். இரண்டையும் பக்கத்தில் வைத்தால், பிஸ்டனைத் தள்ளும் மூக்கு லோக்கலில் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் நீளம். லீவரைத் தொடாதபோதே அது பிஸ்டனைத் தள்ளிக்கொண்டு நின்றிருக்கிறது. லீவரின் முதல் இரண்டு மில்லிமீட்டர் வெற்று ஆட்டம் என் வண்டியில் இல்லவே இல்லை. அது இல்லை என்பதை எட்டு மாதமாகத் தினமும் என் விரல் தொட்டுக்கொண்டுதான் இருந்தது. பழைய கப் தேய்ந்திருந்ததால் ஓரமாகக் கொஞ்சம் அழுத்தம் கசிந்து வெளியேறியிருக்கிறது, பிரேக் மெதுவாகவே இறுகியது. நான் குத்திக் கிழித்த பிறகு இன்னும் தாராளமாகக் கசிந்தது. சக்கரம் இரண்டு நாள் நன்றாகச் சுற்றியதற்கு அதுதான் காரணம், சுத்தம் செய்தது அல்ல. புதுக் கப் ஒழுங்காக அடைத்ததும் ஒளிந்திருந்த தவறு வெளியே வந்துவிட்டது.

மூக்கை அரம் வைத்துத் தேய்த்துவிடலாம் என்று தோன்றியது. மட்டமான வார்ப்பு லீவரில், தேய்த்து மெலிந்த மூக்கை நம்பி பிரேக் பிடிக்க மனமில்லை. புதுப்பேட்டைக்குப் போனேன். எழும்பூரை ஒட்டிய அந்தத் தெருக்களில் பழைய வண்டிப் பாகங்கள் கிடைக்காத மாடல் குறைவு. எனக்கு அங்கே ஒரு கட்டுப்பாடு உண்டு. ரப்பர் உள்ளே இருக்கும் எந்த பிரேக் பொருளையும் பழையதாக வாங்குவதில்லை. ஹோஸ், மாஸ்டர் சிலிண்டர், காலிப்பர் எதையும். அதன் வயதும் அது குடித்த திரவமும் யாருக்கும் தெரியாது. ஆனால் லீவர் வெறும் உலோகம். வளைந்ததையே மாதிரியாகக் கொண்டுபோய், போல்ட் துளைக்கு வைத்துப் பார்த்து, மூக்கைப் பக்கத்தில் பிடித்துப் பார்த்து, நிமிர்த்திய தடமோ விரிசலோ இல்லை என்று வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து ஒரு ஒரிஜினல் லீவர் எடுத்தேன். மூன்றாவது கடையில் கிடைத்தது.

மாட்டியதும் இரண்டு மில்லிமீட்டர் ஆட்டம். மூடியைத் திறந்து லேசாகத் தொட்டேன், ஊற்று எழும்பியது. வந்தது வந்தோம் என்று காலிப்பரையும் இறக்கி ஸ்லைடு பின்களைத் துடைத்து, சாதாரண கிரீஸ் தொடாமல் ரப்பருக்கு ஒத்துக்கொள்ளும் சிலிக்கான் கிரீஸ் தடவினேன். டிஸ்க்கில் பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமனோடு வெர்னியரில் அளந்து பார்த்தேன்; இன்னும் இடம் இருக்கிறது. இத்தனை நாள் உரசலில் ஒர்க்‌ஷாப்பில் போட்ட பேட்டின் முகமும் கண்ணாடி மாதிரி பளபளத்துப்போனதால் அதை மட்டும் மறுபடி மாற்றினேன்.

தெருவுக்குள்ளேயே முப்பது நாற்பது முறை மெல்லப் பிடித்துப் பேட்டைப் பழக்கிவிட்டு, ஞாயிறு காலை கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளம் வரை போனேன். வேண்டுமென்றே முன் பிரேக்கை அதிகம் பயன்படுத்தினேன். டீக்கடை ஓரம் நிறுத்தி டிஸ்க்கில் தண்ணீர் தெளித்தேன். துளி அப்படியே உருண்டு கீழே சொட்டியது. நியூட்ரலில் வைத்து ஒரு விரலால் வண்டியைப் பின்னால் தள்ளினேன், போனது.